மூணு கைத்தட்டு

“என் பாட்டை எதுக்கும்மா துண்டு துண்டா வெட்டணும்?”

கோதண்டம் சார் வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே கேட்டாரு. உக்காரக்கூட இல்ல.

நிஷா மேடம் தண்ணி பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாங்க.

“குடிங்க சார். ரெண்டு மாடி ஏறி வந்திருக்கீங்க.”

“தண்ணி கிடக்கட்டும். கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“முதல்ல வெட்டிக் கொண்டு வாங்க. அப்புறம் சொல்றேன்.”

இவங்க ரெண்டு பேரையும் இங்கயே சொல்லிடறேன். இல்லேன்னா யாரு குரு, யாரு சிஷ்யன்னு உங்களுக்குக் குழம்பிடும்.

கோதண்டம் சாருக்கு ஐம்பத்தேழு வயசு. முப்பது வருஷமா சவுண்ட் இன்ஜினியர். சாலிகிராமத்துல அவர் கை படாத மிக்ஸர் கிடையாது. நிஷா மேடத்துக்கு முப்பத்தாறு. பன்னிரண்டு ஸ்பீக்கர் வச்சு மிக்ஸ் பண்றவங்க. சுத்தி ஏழு, தலைக்கு மேல நாலு, தரையில ஒண்ணு. நடுவுல ஒரே ஒரு நாற்காலி. அதுல உக்காந்தா பாட்டு முன்னாடி இருந்து வராது, நாம பாட்டுக்குள்ள இருப்போம்.

கத்துக்க வந்தவரு கோதண்டம் சார். குரு, நிஷா மேடம். வயசைப் பார்த்து மாத்தி நினைச்சுக்காதீங்க.

நான் சுகிர்தா. கோரஸ் பாடறவ. கோரஸ் வேலை இல்லாத நாள்ல, அதாவது மாசத்துல இருபத்தஞ்சு நாள், இந்த ஸ்டூடியோவுல புக்கிங் பார்த்துக்கறவ. மிக்ஸ் ரூம் மூலையில என் மேஜை. காதைப் பொத்திக்கிட்டா வேலை பார்க்க முடியும்? எல்லாத்தையும் கேட்டேன்.

விஷயம் இதுதான். ‘ஈரக் காத்தே’ன்னு ஒரு பாட்டு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி வந்தது. இசை இளம்பரிதி சார். மிக்ஸ் கோதண்டம் சார். கோரஸ் எட்டுப் பேர், அதுல மூணாவது ஆள் நான்.

அந்தப் பாட்டுல மூணாவது நிமிஷத்துல ஒரு இடம் வரும். டோலக் நிக்கும். பாஸ் கிடார் நிக்கும். எல்லாம் நிக்கும். மூணு கைத்தட்டு. அப்புறம் நாங்க.

அந்த மூணு கைத்தட்டுக்குத்தான் பாட்டு ஓடுச்சு. சும்மா சொல்லல. ஷேர் ஆட்டோவுல அந்த இடம் வந்தா டிரைவர் ஹேண்டில்பாரை விட்டுட்டுத் தட்டுவாரு, உயிர் போய் உயிர் வரும். கல்யாண வீட்டுல சாப்பிடற கையோட தட்டுவாங்க.

இப்போ கம்பெனிக்காரங்க அதைப் புது மாதிரி மிக்ஸ் பண்ணி, புதுசாத் திறக்கற தியேட்டர்ல முதல் பாட்டாப் போடப் போறாங்க. மிக்ஸ் நிஷா மேடம். அதுக்கு வேண்டிய ஸ்டெம்முங்களைக் கோதண்டம் சார் எடுத்துக் கொடுக்கணும். டோலக் தனி, பாஸ் தனி, புல்லாங்குழல் தனி, கோரஸ் தனி. ஒவ்வொண்ணும் ஒரு ஸ்டெம். பிரிச்சுக் கொடுத்தாத்தானே சுத்தி வைக்க முடியும்?

வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஸ்டெம் சரியா வரலேன்னா, பழைய மிக்ஸை மெஷின்ல போட்டு மெஷினையே பிரிக்கச் சொல்லிடுவோம்னு கம்பெனி சொல்லிடுச்சு.

இதைக் கேட்டு கோதண்டம் சார் கொதிச்சுப் போயிட்டாரு.

“மெஷின் பிரிச்சா டோலக்கோட வால் கோரஸ்ல ஒட்டிக்கிட்டு வரும். குழலோட மூச்சு பாஸ்ல போயி விழும். என் பாட்டைக் கொத்துக்கறி போடவா? முப்பது வருஷத்துல ஜனங்க வாயில நின்னது இந்த ஒரு பாட்டு. நானே கொண்டு வரேன். கூட உக்காந்து உன் வித்தையையும் கத்துக்கறேன். சேர்த்துக்குவியா?”

“ஸ்டெம்மைக் கொண்டு வாங்க சார்” அப்படின்னாங்க மேடம்.

“அதுல என்ன இருக்கு? நாளைக்கே வரும்.”

“பார்ப்போம்.”

அந்தப் ‘பார்ப்போம்’ அவருக்குச் சுருக்குன்னு தச்சிருக்கணும். விடுவிடுன்னு இறங்கிப் போயிட்டாரு.

*

செவ்வாய்க்கிழமை காலையில வந்தாரு. ஹார்டு டிஸ்க்கை மேஜை மேல வச்ச தோரணை இருக்கே, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சீர்த் தட்டு வைக்கற மாதிரி.

“இருபத்துமூணு ஸ்டெம். சுத்தம்னா சுத்தம். காலி இடத்தையெல்லாம் வெட்டிக் கடாசிட்டேன். எங்க சத்தம் இருக்கோ அது மட்டும்தான் ஃபைல்ல இருக்கு.”

மேடம் இருபத்துமூணையும் வரிசையா அடுக்கி, பிளேயைத் தட்டினாங்க.

அய்யோ அய்யோ! டோலக், குழல், பாஸ், நாங்க எட்டுப் பேர், எல்லாரும் முதல் நொடியிலயே ஒண்ணாக் கத்திக்கிட்டு வந்தோம். மீன் மார்க்கெட் தோத்துச்சு. நான் சிரிச்சுட்டேன்.

கோதண்டம் சார் என்னை முறைச்சாரு.

மேடம் நிறுத்தினாங்க.

“கோரஸ் எப்போ சார் வரணும்?”

“மூணாவது நிமிஷத்துல.”

“அதுவரைக்கும் அவங்க எட்டுப் பேரும் எங்க இருந்தாங்க?”

“எங்க இருப்பாங்க? மைக் முன்னாடிதான். சும்மா நின்னுக்கிட்டு இருந்தாங்க.”

மேடம் ஹார்டு டிஸ்க்கைக் கழட்டி அவர் கையில கொடுத்தாங்க.

“அந்தச் சும்மாவை எடுத்துட்டு வாங்க.”

அவர் திருதிருன்னு முழிச்சாரு. எனக்குச் சட்டுனு புரிஞ்சுது. மூணு நிமிஷம் செருப்பில்லாம, வளையலைக் கழட்டி வச்சுட்டு, இருமல் வந்தாலும் முழுங்கிக்கிட்டு நின்னவங்க நாங்க. அதையும் ஒரு வேலைன்னு கணக்குல வச்சு ஒருத்தர் கேட்டது இதுதான் முதல் தடவை.

கோதண்டம் சார் கதவு வரைக்கும் போனாரு. நின்னாரு.

“ஆமா. எல்லாரும் ஒண்ணாத் தொடங்கி ஒண்ணா முடிக்கணும். பாடறவங்களும் பாடாதவங்களும்.”

“மத்தியானம் வாங்க சார்” அப்படின்னாங்க மேடம்.

*

மத்தியானம் வந்தாரு. இந்தத் தடவை பிளேயைத் தட்டினா பாட்டு பாட்டா வந்துச்சு. ஆனா என்னமோ சரியில்ல. குழல்காரர் காதுக்குள்ள வந்து நின்னு ஊதறாரு. டோலக்கும் விட்டுக்கொடுக்கல. யாரும் யாருக்கும் வழி விடல. ஒரு நிமிஷம் கூட ஓடல, மேடம் நிறுத்திட்டாங்க.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் தெரிஞ்சிருக்கு, ஏன்னு தெரியல.

“என்ன தப்பு?”

மேடம் என் பக்கம் திரும்பினாங்க. “சுகிர்தா, சாருக்கு ஒரு டீ. பாலைத் தனியா சர்க்கரை போட்டுக் காய்ச்சச் சொல்லு. டிக்காஷனையும் சர்க்கரை போட்டு இறக்கச் சொல்லு. ரெண்டையும் கலந்த பிறகு கடைக்காரரை வழக்கம் போல ரெண்டு ஸ்பூன் போடச் சொல்லு.”

கடைக்காரர் என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பாரு. சொன்னபடி வாங்கிட்டு வந்தேன்.

கோதண்டம் சார் ஒரு வாய் குடிச்சாரு. முகம் கோணிப் போச்சு.

“இது டீயா, பாகா?”

“ஒவ்வொண்ணுலயும் அளவாத்தான் சார் போட்டிருக்கு.”

அவர் டம்ளரைப் பார்த்தாரு. ஸ்பீக்கரைப் பார்த்தாரு. திடீர்னு தன் நெத்தியில தானே பட்டுனு அடிச்சுக்கிட்டாரு.

“கடைசிப் பூச்சு! சத்தத்தைத் தூக்கிக் காட்ட முழு மிக்ஸுக்கும் கடைசியில ஒரே தடவை போட வேண்டிய பூச்சை இருபத்துமூணு பேருக்கும் தனித்தனியாப் பூசிட்டேன். அடக் கடவுளே, இதை நான் பண்ணுவேனா? முப்பது வருஷம்!”

“முப்பது வருஷம் யாருக்கும் பிரிச்சுக் கொடுக்கலையே சார் நீங்க. சேர்த்துத்தானே கொடுத்தீங்க.”

அன்னிக்குத்தான் அவர் முதல்முறையா அந்த வார்த்தையைச் சொன்னாரு.

“நாளைக்கு எடுத்துட்டு வரேன் மேடம்.”

படியிறங்கறவரை மேடம் கூப்பிட்டாங்க.

“சார், இந்தப் பாட்டுக்குப் பூச்சு போடறதுக்கு முன்னாடி எடுத்த மிக்ஸ் உங்ககிட்ட இருக்கா? எட்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது?”

“இருக்கும்.”

“அதையும் கொண்டு வாங்க. அதோட அலையைத் தலைகீழாத் திருப்பி, மேட்டைப் பள்ளமாக்கி, பள்ளத்தை மேடாக்கி, உங்க ஸ்டெம் இருபத்துமூணோடயும் சேர்த்து ஓட்டப் போறேன். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா ஒண்ணை ஒண்ணு முழுங்கிடும். சத்தமே வராது. சத்தம் வந்தா எதோ விட்டுப் போயிருக்குன்னு அர்த்தம்.”

“வந்தா?”

“நான் மிக்ஸ்ல உக்கார மாட்டேன். மெஷின் பிரிச்சுக்கட்டும்.”

கோதண்டம் சார் முகம் வெளிறிப் போச்சு. மெஷினுக்குப் பயந்துட்டாருன்னு அப்போ நினைச்சேன். தப்பா நினைச்சிருக்கேன்.

*

புதன்கிழமை வரல. ஃபோன் பண்ணினேன், எடுக்கல.

நான் என் வேலையைப் பார்த்தேன். கம்பெனி ஒரு தாள் அனுப்பியிருந்துச்சு. ஒவ்வொரு ஸ்டெம்முக்கும் நேரா, அதை வாசிச்சவங்க பேரு, பாடினவங்க பேரு. பேரில்லாத ஸ்டெம்மை எடுத்துக்க மாட்டாங்களாம். நல்ல சட்டம். கோரஸ்னு இருந்த இடத்துல எட்டுப் பேரையும் முழுசா எழுதினேன். என் பேரை மூணாவதா, எழுத்துக்கு எழுத்து அழகா எழுதினேன். இத்தனை வருஷத்துல எந்தப் பாட்டு அட்டையிலயும் ‘குழுவினர்’னுதான் போட்டிருக்காங்க. குழுவினராம். குழுவினருக்கு என்ன, அம்மா அப்பா பேரு வைக்கலையா?

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்தாரு. சட்டை கசங்கியிருந்துச்சு. ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்துட்டு, சோபாவுல ஓரமா உக்காந்தாரு.

“ஸ்டெம்மும் இருக்கு, பழைய மிக்ஸும் இருக்கு. பாருங்க.”

மேடம் பழைய மிக்ஸைத் தலைகீழாத் திருப்பினாங்க. ரெண்டையும் சேர்த்து ஓட்டினாங்க.

சத்தமே இல்ல.

ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். திரையில கோடு ஓடுது, பன்னிரண்டு ஸ்பீக்கரும் வாயைத் திறக்கல. நாலரை நிமிஷமும் அப்படியே ஓடி முடிஞ்சுது. கைதட்டப் போயிட்டேன், அவ்வளவு பெருமையா இருந்துச்சு.

மேடம் சத்தத்தை முழுசா ஏத்தி வச்சு இன்னொரு தடவை ஓட்டினாங்க. காதைச் சாய்ச்சுக் கேட்டாங்க.

“சார், தூசி கூட இல்லையே.”

“அதான் சுத்தம்னு சொன்னேனே.”

“குழலுக்கும் கோரஸுக்கும் போட்டிருக்கீங்களே எக்கோ, அது ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் வேற மாதிரி விழும். எட்டு வருஷத்துக்கு முன்னாடி விழுந்தது வேற, நேத்து விழுந்தது வேற. அந்த வித்தியாசம் தூசி மாதிரி மிச்சம் நிக்கணும்.”

அவர் சோபா நுனிக்கு நகர்ந்தாரு.

“நேத்து எடுத்த ஸ்டெம்முங்களையே கூட்டி, அதுக்குப் பழைய மிக்ஸ்னு பேரு வச்சுக் கொண்டு வந்திருக்கீங்க. தன் மூஞ்சியைத் தானே பார்த்துக்கிட்டா வித்தியாசம் எப்படித் தெரியும்?”

எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. “என்ன சார் இது? நீங்க போயி காப்பி அடிக்கலாமா?” கேட்டே விட்டேன். மனுஷன் தலையைத் தூக்கல.

மேடம் திட்டல. பழைய மிக்ஸை நிறுத்திட்டு ஸ்டெம்முங்களை மட்டும் நேரா ஓட்டினாங்க. பாட்டு வந்துச்சு. முந்தாநாள் வரைக்கும் கத்தினவங்க எல்லாம் இன்னிக்கு அவங்கவங்க இடத்துல நின்னு பாடினாங்க. என்ன ஒரு சுத்தம். நான் கோபத்தை மறந்துட்டேன்.

மூணாவது நிமிஷம். டோலக் நின்னுச்சு. பாஸ் நின்னுச்சு. என் ரெண்டு கையும் தன்னால மேல எழுந்துச்சு.

ஒண்ணும் வரல.

வெறும் இடம். அப்புறம் நாங்க எட்டுப் பேர், யாரும் கூப்பிடாத வீட்டுக்குள்ள நுழையற மாதிரி வந்து பாடினோம்.

என் கை ரெண்டும் அப்படியே நின்னுச்சு.

“கைத்தட்டு எங்க?” நான் கேட்டேன்.

மேடம் கேக்கல. கையை மட்டும் நீட்டினாங்க.

கோதண்டம் சார் ரொம்ப நேரம் அந்தக் கையைப் பார்த்தாரு. அப்புறம் சட்டைப் பையில இருந்து ஒரு பென் டிரைவ் எடுத்து வச்சாரு. பூச்சுக்கு முந்தின, நிஜமான பழைய மிக்ஸ்.

மறுபடி தலைகீழாத் திருப்பி, சேர்த்து ஓட்டினாங்க.

இந்தத் தடவை தூசி இருந்துச்சு. மெல்ல, சோத்துப் பானையில ஆவி வர்ற மாதிரி ஒரு இரைச்சல். மூணு நிமிஷம் அது மட்டும்தான்.

அப்புறம்,

டப். டப். டப்.

பன்னிரண்டு ஸ்பீக்கர் இருக்கற அறையில அது மட்டும் தனியா, பளிச்சுன்னு நின்னுச்சு. எட்டு வருஷமா லட்சம் பேரு கேட்ட சத்தம். ஆனா அது இப்படித் தனியா நின்னு யாரும் கேட்டதில்ல.

“யாரு சார் இது?”

*

அதுக்குள்ள அவர் ஃபோன் அடிச்சுது. இளம்பரிதி சார். மேடம் ஸ்பீக்கர்ல போடச் சொல்லி சைகை காட்டினாங்க.

“என்னய்யா கோதண்டம், ஸ்டெம் பாஸாயிடுச்சா? கம்பெனிக்காரன் உயிரை எடுக்கறான்.”

“பார்த்துக்கிட்டு இருக்காங்க சார்.”

“அந்தப் பேரு எழுதற தாள்ல, கைத்தட்டுக்கு என் பேரைப் போட்டுருய்யா. மறந்துடாத. மேடை மேடையா நான் தட்டிக் காட்டறது அதுதானே.”

அது உண்மை. எந்த ஊர்க் கச்சேரியா இருந்தாலும் பரிதி சார் முன்னாடி வந்து நிப்பாரு. “இந்த மூணும் என் கைங்க” அப்படின்னு சொல்லித் தட்டுவாரு. கூட்டம் விசில் அடிக்கும். ரெக்கார்டிங் அன்னிக்கு எங்க முன்னாடி நின்னு மைக்ல தட்டினவரும் அவர்தான். நான் பார்த்தேனே.

அப்போ கோதண்டம் சாருக்கு எதுக்கு இப்படி வேர்க்குது?

“போட்டுரலாம் சார்” அப்படின்னாரு. குரல் கிணத்துக்குள்ள இருந்து வந்துச்சு.

நான் பேனாவை எடுத்தேன். இருபத்துமூணுக்குக் கீழ இருபத்துநாலுன்னு எண் போட்டேன். கைத்தட்டுன்னு எழுதினேன். இளம்பரிதின்னு எழுதப் போனேன்.

நிஷா மேடம் அந்த மூணு தட்டை மட்டும் வெட்டி எடுத்து, ஃபோன் கிட்ட இருந்த ஸ்பீக்கர்ல மறுபடி ஓட்டினாங்க.

டப். டப். டப்.

“ஹா, அதான்யா! என் கை. எப்படி இருக்கு பாரு.”

மறுபடி ஓட்டினாங்க. கோதண்டம் சாரை ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கல. மறுபடி. மறுபடி. பத்துத் தடவை இருக்கும். எனக்கே பொறுக்கல, “மேடம், போதும்” சொல்ல வாயெடுத்தேன்.

மேடம் நிறுத்திட்டாங்க.

நிறுத்தின அடுத்த நொடி இன்னொரு மூணு தட்டு கேட்டுச்சு. டப். டப். டப். அதே கனம். அதே இடைவெளி. அதே மாதிரி மூணாவது தட்டு கொஞ்சம் உள்ளங்கை குழிஞ்சு.

ஸ்பீக்கர்ல இருந்து வரல. சோபாவுல இருந்து வந்துச்சு.

கோதண்டம் சார் கை ரெண்டும் முகத்துக்கு நேரா இருந்துச்சு. கண்ணுல தண்ணி.

“யாருய்யா அது?” அப்படின்னுச்சு ஃபோன்.

“நான்தான் சார்.”

“இப்போ தட்டினதா?”

“அப்போ தட்டினதும்.”

ஃபோன்ல எதோ ஃபேன் சுத்தறது மட்டும் கேட்டுச்சு.

“நீங்க தட்டினதை நான் அழிச்சுட்டேன் சார். மிக்ஸ் அன்னிக்கு நான் மட்டும்தான் இருந்தேன். நானே தட்டிப் போட்டேன். மிக்ஸை எடுத்து முடிச்சதும் என் டிராக்கை அழிச்சுட்டேன். இன்ஜினியர் சத்தம் பாட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு முப்பது வருஷமா எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருந்தவன் நான். யாருக்கும் தெரிய வேணாம்னு இருந்தேன். ஸ்டெம் எடுக்கப் போனா கைத்தட்டு மட்டும் எங்கயுமே இல்ல. முழு மிக்ஸ்ல மட்டும்தான் இருக்கு.”

“என்னுதை ஏன்யா அழிச்சே?”

இதுதான். இதுக்குத்தான் மனுஷன் எட்டு வருஷமாப் பயந்திருக்காரு. வருஷத்துக்கு நாலு படம் கொடுக்கற ஆளு கேக்கற கேள்வி. இதுக்குப் பயந்துதான் தன் கையைத் தானே பாட்டுல இருந்து வெட்டி எறியப் பார்த்திருக்காரு. அந்தக் கைத்தட்டு இல்லாம அந்தப் பாட்டு தியேட்டர்ல போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?

அவர் எழுந்து நின்னாரு. ஃபோனுக்கு முன்னாடி எதுக்கு எழுந்து நின்னாருன்னு கேக்காதீங்க, நின்னாரு.

“மூணாவது தட்டு முந்திக்கிச்சு சார். தாளம் விட்டுப் போச்சு.”

சொல்லிட்டாரு!

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“தைரியம் இல்ல சார்.”

“இன்னிக்கு எங்கேருந்து வந்துச்சு?”

கோதண்டம் சார் நிஷா மேடத்தைப் பார்த்தாரு. மேடம் திரையைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

“தனியாக் கேட்டேன் சார். நல்லாத் தட்டியிருக்கேன்.”

மறுபடி ஃபேன் சத்தம். அப்புறம் பரிதி சார் கேட்டாரு, குரல்ல ஒரு சந்தேகத்தோட.

“ஏன்யா, மேடையில தட்டும்போதும் முந்திடறேனா?”

கோதண்டம் சார் தயங்கினாரு. நான் தயங்கல.

“முந்தறீங்க சார். பின்னாடி நிக்கற கோரஸ் நாங்க. நாங்க உங்க கையைப் பார்க்க மாட்டோம், டோலக்காரர் தாளம் போடற காலைத்தான் பார்ப்போம்.”

“யாரு அது?”

“சுகிர்தா சார். எட்டுப் பேர்ல மூணாவது.”

ஃபோன்ல முதல்ல ஒரு இருமல். அப்புறம் சிரிப்பு. மனுஷன் சிரிச்சு முடிக்கவே ஒரு நிமிஷம் ஆச்சு.

“எட்டு வருஷமா இவன் கைக்கு நான் விசில் வாங்கியிருக்கேன். போடுய்யா. உன் பேரைப் போடு” அப்படின்னு வச்சுட்டாரு.

நிஷா மேடம் நடு நாற்காலியில இருந்து எழுந்தாங்க. அந்த நாற்காலியை அவங்க யாருக்கும் விட்டு நான் பார்த்ததில்ல.

“உக்காருங்க சார். டோலக்கை இடது பக்கம் வைக்கலாம், கோரஸைப் பின்னாடி சுத்தி வைக்கலாம். கைத்தட்டை எங்க வைக்கட்டும்? அன்னிக்கு எங்க இருந்து தட்டினீங்க?”

“மிக்ஸ் பண்ற நாற்காலியிலதான். எழுந்திருக்கக்கூட இல்ல.”

உக்காந்தாரு. நாற்காலி அவருக்குக் கொஞ்சம் தாழ்வா இருந்துச்சு. சரி பண்ணிக்கிட்டாரு. சுத்தியும் மேலயும் ஒரு தடவை பார்த்தாரு.

“இங்க” அப்படின்னு தன் மடிக்கு முன்னாடி காட்டினாரு. “கேக்கறவன் கை இருக்கற இடத்துல.”

மேடம் தலையை ஆட்டினாங்க.

நான் தாளை இழுத்து வச்சுக்கிட்டேன். இருபத்துநாலு, கைத்தட்டு. பேனாவை வச்சுக்கிட்டுக் கேட்டேன்.

“கோதண்டம்னு போட்டுரவா சார்?”

அவர் திரும்பல. பாட்டு ஓடத் தொடங்கியிருந்துச்சு.

“இனிஷியலோட போடு.”